ஐரீனின் ஸ்டெதஸ்கோப்

போர்ட்லண்டில் மழை பெய்யாத மத்தியானம் அபூர்வம். அதனால், மழைக்கு ஒதுங்கினேன் என்று சொல்லிக்கொண்டு அந்த நடன விடுதிக்குள் நுழைய ஆண்பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க வசதி இருந்தது.

மேடையில் ஆடை களைந்து ஆடுவது ஜுனிப்பருக்குச் சுலபம். இறங்கி வந்து மேசையில் உட்கார்ந்த பிறகுதான் வேலையே. வந்தவன் தன்னை வாடிக்கையாளன் என்று நினைத்துவிடக் கூடாது. "உன் நிஜப் பேர் என்ன?" என்று எவனும் கேட்பான். அதற்கென்றே அங்கே ஆடும் பெண்கள் மேடைப் பெயர் போக இரண்டாவதாக ஒரு பொய்ப் பெயர் வைத்திருந்தார்கள். இவளுடையது கெல்சி. சற்றுத் தயங்கி, இருபுறமும் பார்த்து, காதோடு சொல்ல வேண்டும். கெல்சி நர்ஸிங் மாணவி. பெற்றவர்கள் வைத்த பெயர் டார்லா. டார்லா பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை.

வெண்டல் கெல்சியை நம்பியவர். மர ஆலையில் உழைத்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். செவ்வாய்தோறும் வந்து, மாட்டிறைச்சியை மெதுவாக அறுத்துத் தின்றபடி பரீட்சை பற்றி விசாரிப்பார். அவளும் தவறாமல் பாஸாகிக்கொண்டிருந்தாள். எந்தக் கல்லூரியும் அவ்வளவு தாராளமாக மார்க் போட்டிருக்காது.

அன்று கோட்டுப் பையிலிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார்.

"என் ஐரீனோடது. ஆஸ்பத்திரியில நர்ஸா காலம் பூரா இதை மாட்டிக்கிட்டுத்தான் ஓடினா. இனிமே உனக்கு, கண்ணு."

எத்தனையோ பேரிடம் என்னென்னவோ வாங்கியிருக்கிறாள். செத்துப்போனவளிடம் வாங்கியதில்லை.

"வேணாம் வெண்டல். நான் நர்ஸுக்குப் படிக்கல. கெல்சியும் இல்ல. என் பேரு டார்லா. நான் சொன்னது அத்தனையும் பொய்."

கிழவர் கத்தியைக் கீழே வைத்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் முகமோ மலர்ந்தது.

"அடி கள்ளி! வாங்கிக்கக் கூச்சம், அதான் புதுசா ஒரு கதை விடுற. ஐரீனும் இப்படித்தான், யார் எது குடுத்தாலும் வேணாம்னுதான் சொல்லுவா."

"சத்தியமா டார்லாதாங்க!"

"சரிம்மா, டார்லா." கண்ணைச் சிமிட்டினார். "அடுத்த பரீட்சை எப்போ?"

அவள் உடைமாற்றும் அறைக்கு ஓடினாள். அங்கே பொய் இமைமுடி ஒட்டிக்கொண்டிருந்த, கூட ஆடும் மார்கோ, நடந்ததை அவள் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"நிஜத்தைச் சொல்றப்ப தயங்கினியா?"

"இல்ல."

"ரெண்டு பக்கமும் பாத்தியா?"

"இல்லடி."

"அப்புறம் எப்படிடி நம்புவாரு?"

அதுவும் நியாயம்தான். டார்லா திரும்பிப் போனாள். வெண்டல் வெட்டிய இறைச்சியைத் தொடாமல் காத்திருந்தார். அவள் தயங்கினாள். இருபுறமும் பார்த்தாள். அவர் காதருகே குனிந்தபோது ஸ்டெதஸ்கோப் அவர் தோளில் இடித்தது.

"அடுத்த மாசம்," என்றாள்.