உறுதி இல்லாத வீடு

தொண்ணூறுகளில், சட்டக் கல்லூரி இறுதிப் பரீட்சைக்குக் கல்முனையில் என் மூத்த சகோதரி, ராத்தாவின் வீட்டிலிருந்து படித்தேன். வாப்பா அவளுக்குச் சீதனமாக வெறும் வாய்ச்சொல்லில் கொடுத்த வீடு.

'நொத்தாரிசு உறுதி இல்லாமல் காணி கைமாறாது' என்று சத்தம் போட்டு நடந்து நடந்து மனப்பாடம் செய்தபோதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்கும் உறுதிப் பத்திரம் இல்லை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்கள். முஸ்லிம் வாரிசுச் சட்டப்படி மகனான எனக்குத்தான் பெரும் பங்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிறகு ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை. உட்காரவும் முடியவில்லை. சுவர்களையே பார்த்து, என் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

அசர் தொழுகைக்குப் பிறகு தேநீரோடு வந்த ராத்தா கதவைச் சாத்தினாள்.

"தம்பி, அந்த உறுதி வரிய மட்டும் மெதுவாப் படி. மச்சானுக்குக் கேட்டிரும். உறுதி இரிக்கெண்டுதான் அவர் நினைக்கார்."

"ஒங்களுக்குத் தெரியுமா ராத்தா?"

"ஓம். நீ இரிக்காய்தானே எண்டு பயப்படாம இரிந்தன்."

அந்த வாரமே என் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். இன்றும் தொழுதுவிட்டு எனக்காகத் துஆ கேட்கிறாள். அந்தப் பகலைப் பற்றி மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.