இருந்த ஒரு கண்ணையும் மீட்டுக் கொடுத்த வைத்திய வீரராகவன்

எனக்கு வேலை செய்யும் கண் ஒன்றுதான். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டிருந்தால் சரியாகியிருக்குமாம். எங்கள் ஊரில் பெண்பிள்ளை கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்று விட்டுவிட்டார்கள். வலது கண் ஒன்றை வைத்தே இத்தனை வருஷம் குப்பை கொட்டினேன். அந்த ஒரு கண்ணிலும் புரை விழுந்தது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாளை நம்புகிற உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் பெயர் கஸ்தூரி. எளாவூர் பக்கம் எங்களுக்கு நெல் வயல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏழுமலை அதைப் பார்த்துக்கொள்கிறார். எனக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. வண்டிகளுக்கு இரும்புப் பாகம் வார்க்கும் கம்பெனியில் செக்கிங். வார்த்து வந்த ஒவ்வொரு துண்டையும் டியூப் லைட்டுக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் தூக்கி ஒதுக்க வேண்டும். கஸ்தூரிக்கு வாய் ஜாஸ்தி என்பார்கள். கஸ்தூரி பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வராது என்றும் அதே வாயால் சொல்வார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் திரும்பி வந்தது. ஒன்றல்ல, ஒரு டிரே நிறைய. எல்லாவற்றிலும் விரிசல். சூப்பர்வைசர் திட்டவில்லை. நாளையிலிருந்து பேக்கிங்குக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

உண்மையில் புரை இருப்பது எனக்கு முன்பே தெரியும். எதிரே வரும் லாரியின் விளக்கு பூசணிப்பூ மாதிரி விரிந்து தெரியும். ஒரே கண்ணாச்சே, கத்தி வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயத்தில் தள்ளிப்போட்டேன். புரை நன்றாகப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது. பேக்கிங்குக்குப் போன பிறகு, ஒருநாள் வீட்டில் அரிசியில் இருந்த கல் தெரியாமல் என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். அவர் கடித்துவிட்டு, கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பார்களே, நான் என்ன பொய் சொன்னேன் என்று பெருமாளைக் கேட்டேன்.

மெட்ராசில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவர் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த லேடி டாக்டர் பொறுமைசாலி. பழுக்கட்டும் என்பது பழைய காலத்துப் பேச்சு, இப்போது பழுக்க விட்டால்தான் எங்களுக்குச் சிரமம் என்றார். புரை கெட்டிப்பட்டிருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது, கருவிழியின் வளைவும் ஒழுங்காக இல்லை. இதில் இருப்பதோ ஒரே கண். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், செய்யலாம் என்றார். ஊசி கிடையாது, சொட்டு மருந்திலேயே மரத்துப்போகும், தையல் கிடையாது, அரிசி நீளத்துக்குத்தான் வெட்டு. அந்த வளைவுக்கும் சேர்த்தே ஒரு லென்ஸ் வந்திருக்கிறது, டோரிக் லென்ஸ் என்று பெயர், ஆனால் அதைச் சரியான கோணத்தில் உட்கார வைக்க வேண்டும், கோணம் மாறினால் பிரயோஜனமில்லை என்று படம் போட்டுக் காட்டினார்.

புரட்டாசி அமாவாசைக்குத் திருவள்ளூர் போனோம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பார்கள், குளத்தில் வெல்லம் கரைத்தேன். பார்வை வந்தால் வெள்ளியில் கண்மலர் செய்து உன் காலடியில் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சர்க்கரை, நான் வெல்லம் கரைக்கிறேன் பார் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன்.

பத்தியத்திலும் மாத்திரையிலும் சர்க்கரை இறங்கியது. ஐப்பசியில் ஆபரேஷன். மனசுக்குள் கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன். காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை போலிருந்தது. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ராகுகாலம் வரை படித்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். மீசை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கண்ணில் கை வைக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். நானும் அப்படியே இருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் விளக்கேற்றி அவர் கற்பூரம் காட்டினார். சுடர் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ரெண்டு கையையும் சுடரில் காட்டி, கண்ணில் அழுந்த ஒற்றிக்கொண்டேன். பிறந்தது முதல் செய்கிற பழக்கம். கை தானாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் காலண்டர் எழுத்துக்கெல்லாம் நிழல் விழுந்திருந்தது. ஒன்று ரெண்டாகத் தெரிந்தது. கெட்டேன், என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன் என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அயுவாத கஸ்தூரி. கண்ல தண்ணி படக்கூடாதுன்னு சொல்லிக்கிறாங்க. நான் கீறேன்ல, வா போலாம்."

ரயில் முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டே போனேன். டாக்டர் மெஷினில் பார்த்தார். லென்ஸ் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்றார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். சிலருக்குத் தொடாமலேகூட முதல் வாரத்தில் திரும்பும், உங்கள் கை காரணமாகவும் இருக்கலாம் என்று மழுப்பாமல் சொன்னார். மறுபடி உள்ளே போய்த் திருப்பி வைக்க வேண்டுமாம். ஒரே கண்ணில் ரெண்டாவது தடவை.

"இருக்கறதே ஒண்ணுதான் டாக்டரம்மா."

"தெரியும்மா. நீங்க வேண்டிக்கோங்க. நான் என் வேலையைப் பார்க்கறேன்."

அந்த வார்த்தை எனக்குப் பெருமாள் வாக்கு மாதிரி இருந்தது. ஆனாலும் மேஜையில் படுத்ததும் பயம் பிடுங்கித் தின்றது. கோவிந்தா என்றுகூட வரவில்லை. சண்டைதான் வந்தது. நீ ஆதிசேஷன் மேலே ஹாயாகப் படுத்திருக்கிறாய், நான் எழுந்து வேலைக்குப் போக வேண்டும், நீ பேர் போன வைத்தியனா இல்லையா, இப்போது காட்டு என்றேன். சத்தியமாக இப்படித்தான் வேண்டினேன். அப்புறம் மனசு சட்டென்று அமைதியாகிவிட்டது. யாரோ கையில் என்னை ஒப்படைத்த மாதிரி. லென்ஸ் உட்கார்ந்துவிட்டது அம்மா என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இன்றுவரை அசையவில்லை. கை பழக்கத்தில் போய்விடப் போகிறது என்று நன்றாக ஆறும்வரை எங்கள் வீட்டில் கற்பூரமே காட்டவில்லை. பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை.

மார்கழியில் வேலைக்குப் போனேன். சூப்பர்வைசர் சோதனைக்கு ஒரு டிரே கொடுத்தார். கையில் எடுத்த மூன்றாவது பீஸிலேயே விளிம்போரம் விரிசலைக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடித்தான் கண்டுபிடித்தார். அன்றே என் பழைய இடம் எனக்கு வந்துவிட்டது. பேக்கிங்கில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டா இருந்திருப்பேன்?

தை அமாவாசைக்குக் கண்மலரோடு திருவள்ளூர் போனோம். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். வருஷா வருஷம் வந்திருக்கிறேன். கருவறை இருட்டில் கறுப்பாக நீளமாக ஏதோ தெரியும், கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அவ்வளவுதான் என் தரிசனம். இந்தத் தடவை பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டினார். திருமுகம் தெரிந்தது. காலடியில் தாயார் தெரிந்தாள். வலது கை நீண்டு, பக்கத்தில் இருக்கும் முனிவரின் தலைமேல் இருந்தது. கதையாகக் கேட்டிருக்கிறேன், கண்ணால் அன்றுதான் பார்த்தேன். படுத்தபடியே ஒருவருடைய தலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறான். இவனைப் போய் ஹாயாகப் படுத்திருக்கிறாய் என்று திட்டினேனே என்று கண்ணீர் கொட்டியது. என் வீட்டுக்காரர் கைக்குட்டையை நீட்டினார். துடைக்காமல் அழுதேன். இப்போது அழலாம், டாக்டரே சொல்லிவிட்டார்.

கண்ணில் புரை என்று யாராவது பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குச் சொல்கிறேன். பழுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், சொன்னபடி கேளுங்கள். பயம் வந்தால் அவனைக் கூப்பிடுங்கள். அழகாகக் கூப்பிடத் தெரியாவிட்டால் சண்டை போட்டுக் கூப்பிடுங்கள். அவன் கை எங்கே இருக்கிறது என்று நான் பார்த்துவிட்டேன்.