கரண்டி வேண்டாத குவளை

நகராண்மைக் கழகத்தின் உரிமப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு தேநீர்க் கடை திறக்க யார் யார் கையெழுத்து வேண்டும், எந்தக் கையெழுத்து வராமல் கோப்பு நகராது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவள் சொந்தச் சமையலறையில் ஒரு குவளை பானம் கலக்கும் உரிமையை இழக்கும் நிலை வந்தது.

காரணம் முடக்குவாதம். மெல்லிய எதையும் பிடிக்க விரல்கள் மறுத்தன. சுழல மணிக்கட்டு மறுத்தது. தேக்கரண்டி மெல்லிய பொருள். கலக்குவது சுழற்றும் வேலை. ஆக, இரண்டு விதிகளின் கீழும் என் விண்ணப்பம் தள்ளுபடி.

கலக்காமலே குடித்துப் பழகிக்கொண்டேன். மேலே வெந்நீர், அடியில் இனிப்பான கெட்டி டின் பாலும் மால்ட் தூளும் கட்டியாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை, அங்கே போகும் பாலத்துக்குப் பக்கத்தில் ஜொகூர் பாருவின் உயரமான அடுக்குமாடியில் வீடு. உலு திராமில் இருக்கும் என் வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வரும்படி அவள் சொல்லிவந்தது, என் கணவர் போன நாளிலிருந்தே நடக்கும் பழைய வழக்கு. அன்று அவளுக்குச் சாட்சியம் கிடைத்துவிட்டது.

“ஒரு கப்பு மால்ட் கலக்கிக் குடிக்க முடியல. இதுல தனியா இருப்பேன்னு அடம் வேற.”

அவள் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவள், அங்கே வந்தாலும் நான் தனியாகத்தான் இருப்பேன், கூடுதலாக ஒரு லிஃப்ட் கிடைக்கும், அவ்வளவுதான் என்றேன். பணிப்பெண் வைப்பதாகச் சொன்னாள். அவள் கலக்குவாளாம், நான் குடிப்பேனாம். கடைசியில் ஒரு சமரசம்: பொங்கலுக்குள் நானே ஒரு குவளை ஒழுங்காகக் கலந்து காட்டினால், இந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்க மாட்டாள்.

‘ஒழுங்காக’ என்றால் என்ன என்று விளக்கம் கேட்டேன். அடியில் ஒன்றும் நிற்கக் கூடாது என்றாள். கரண்டியால்தான் கலக்க வேண்டும் என்று சேர்க்க மறந்துவிட்டாள். நிபந்தனை எழுதத் தெரியாத தலைமுறை.

மூடி போட்ட குவளையைக் கட்டிப்பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். வெந்நீரின் ஆவி மூடியைத் தூக்கி எறிந்தது. அன்று பானம் தெறித்து உருவான வரைபடம் இன்னும் கூரையில் இருக்கிறது. மகள் வாங்கித் தந்திருந்த பேட்டரிக் கலக்கியின் பொத்தான் ஓர் உளுந்து அளவு. விரல் நலமாக உள்ளவர்கள் நமக்காக யோசித்துச் செய்தது.

எனக்கு மிஞ்சியிருந்தது முழங்கையின் பலம். மேலே அழுத்தினால் சுடுதண்ணீர் கொட்டும் மின்சார ஃபிளாஸ்க்கை முழங்கையாலேயே இயக்கிவந்தேன். அந்தத் தண்ணீர் எவ்வளவு வேகமாக விழுகிறது, அந்த வேகம் எவ்வளவு வீணாகிறது என்று ஒரு காலையில் பார்த்துக்கொண்டு நின்றேன். நேராக விழுவதைத் திருப்பி, குவளையின் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடவிட்டால்? தண்ணீரே கரண்டியாகிவிடும். தடித்த மார்க்கர் பேனாவை முஷ்டிக்குள் பிடித்து வரைந்தேன்: மேலே பொருந்தும் ஒரு புனல், அதன் வாய் சாய்ந்து சுவரைப் பார்த்தபடி, கை முழுவதும் நுழையும் அகலமான பிடி.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் சீனருக்குப் பிளாஸ்டிக் அச்சுப் பட்டறை இருக்கிறது. அவருடைய உரிம விண்ணப்பம் ஒரு காலத்தில் என் மேசையில்தான் கிடந்தது. அவர் அதை மறக்கவில்லை. படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆபிசர், இந்தக் கப்புக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று மலாயில் கேட்டார். அதன்பிறகு நான் எப்போது விசாரித்தாலும் அவரிடம் ஒரே பதில்தான்: விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. பணிக்காலம் முழுவதும் நான் சொன்ன வாக்கியம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் அவ்வளவு நன்றாக இல்லை.

முதல் குவளை வந்தது. உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அழுத்தினேன், தண்ணீர் அழகாகச் சுழன்றது. சுழற்சி அடங்கியதும் பார்த்தால், அடியில் நட்டநடுவே பாலும் தூளும் குழைந்து ஒரு சின்ன மேடு. ஃபிளாஸ்க்கைப் பலகை மேல் ஏற்றி வேகத்தைக் கூட்டினேன். மேடு இன்னும் வடிவாகக் குவிந்தது.

பொங்கல் நெருங்கியது. மகள் தன் வீட்டில் எனக்கான அறைக்குத் திரைச்சீலை மாட்டிவிட்டுப் படம் அனுப்பினாள். நீல நிறம். பதில் அனுப்பாமல் பருப்பு கழுவப் போனேன். கையால் அலச முடியாததால், சட்டியைக் குழாய்க்குக் கீழே ஓரமாக வைத்துத் தண்ணீரைச் சுழலவிடுவது என் வழக்கம். பருப்பு சுற்றியது. கல்லெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்தது.

குழாயை மூடாமல் நின்றேன். நம் வீடுகளில் காலங்காலமாகக் கல் அரிப்பதே இப்படித்தான். பட்டமெல்லாம் வாங்கி, படமெல்லாம் வரைந்து, மால்ட்டுக்கு முதல்தரமான கல் அரிக்கும் சட்டி ஒன்றைத்தான் நான் செய்திருந்தேன்.

நோய் தெரிந்ததும் மருந்து என் பழைய துறையிலேயே கிடைத்தது. காலி இடங்களில் அனுமதியில்லாத அங்காடிகள் முளைத்தால் என்ன செய்வோம்? அபராதம் போட்டுப் பார்ப்போம், மறுநாள் கடைக்காரர்கள் திரும்பி வருவார்கள். பிறகு நடுவில் பெரிய பூந்தொட்டி ஒன்றை வைப்போம். கூட இடமில்லை என்றால் எங்கே கூடுவது? குவளையின் அடியிலும் நடுவில் ஒரு தொட்டி வைத்தேன்: வழவழப்பான கூம்பு. கூம்பு வைத்தால் பானம் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும் என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது என்றேன். இந்த முறை அவர் பரிசீலிக்கவில்லை. மறுநாளே செய்து கொண்டுவந்தார்.

பொங்கலன்று, பானை பொங்கி, படைத்து, சாப்பிட்டு முடித்ததும் மகள் கையைக் கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தாள். டின் பாலைச் சாய்த்து ஊற்றினேன். தூளைக் கவிழ்த்தேன். புனலை வைத்து முழங்கையால் அழுத்தினேன். வெள்ளையும் பழுப்பும் ஒன்றையொன்று துரத்தி, கூம்பைச் சுற்றி ஏறி, அடங்கும்போது ஒரே நிறமாக இருந்தது.

அவள் எழுந்து போய் ஒரு கரண்டி எடுத்து வந்தாள். கூம்பைச் சுற்றி அடியைச் சுரண்டினாள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி சுரண்டினாள். பிறகு குவளையை எடுத்துப் பாதி குடித்தாள்.

“இனிப்பு கொஞ்சம் தூக்கல்லா.”

“அது நிபந்தனையில இல்ல.”

சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் சிரித்துவிட்டாள். மீதியையும் குடித்தாள். குவளையைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் பிடித்து, எதையோ தேடித் தோற்றாள்.

“சரிம்மா. இங்கயே இருங்க.”

கிளம்பும்போது, அலுவலகத்துக்குத் தனக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றாள். எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னேன். கார் முனை திரும்பியதும் உள்ளே வந்து எனக்கென்று ஒரு குவளை கலந்தேன். இனிப்பைக் குறைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்; அடியில் கூம்பு மட்டும் நின்றது.