சிவப்பு ஊசித்தட்டான்

அத்தை புதுக்கோட்டைக் கல்லூரியில் விலங்கியல் படிக்கப் போன வருஷம், எங்கள் வயலின் ஊசித்தட்டான்களுக்குத் திடீரென்று மரியாதை வந்தது. அதுவரை அவை தட்டான்களுக்கு ஏழைச் சொந்தம். வாலில் நூல் கட்டக்கூட லாயக்கில்லாத மெலிசு. தட்டான் உட்காரும்போது சிறகை விரித்து வைக்கும், ஊசித்தட்டான் முதுகோடு சேர்த்துக்கொள்ளும், அதனால் இரண்டும் வேறு வகை என்றார் அத்தை. நான் வரப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றின் முதுகையும் பார்த்தேன். தினம் பார்த்த பூச்சிதான். அன்றைக்குத்தான் கண் திறந்தது.

பயிருக்குள் பச்சையில் ஒன்று இருந்தது. அதன் பெயரை அத்தை புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டார். இன்னொன்று சிவப்பு. என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை; வால் முழுக்க மிளகாய்ப்பழ நிறம்; சிறகு இருப்பதே வெயில் பட்டால்தான் தெரியும். இவ்வளவு சின்னதை இத்தனை நுணுக்கமாக யார் உட்கார்ந்து செய்தார்கள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உலகத்து உயிர்களை எல்லாம் வரிசை பிரித்து, இதற்கு ஆபத்தில்லை, இது அழியப்போகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். சிவப்பை அத்தை தேடித் தேடிப் பார்த்தார்.

"எதுலயுமே காணாமடி. நம்ம வயல்ல மட்டுந்தான் மிச்சமிருக்கோ என்னமோ."

அவர் பாதி விளையாட்டாகச் சொன்னதை நான் முழுசாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே, பயிரில் தத்துப்பூச்சி விழுந்திருக்கிறது என்று அப்பா மருந்தடிக்கும் மெஷினை எடுத்தார். மருந்து கரைக்கத் தண்ணீர் மொள்ளும் மடையை மறித்து உட்கார்ந்து, சிவப்பு செத்துப்போகும் என்று அழுதேன்.

"பூச்சி மருந்துல பூச்சி சாகாம பெருச்சாளியா சாகும்? பயிரு போச்சுன்னா ஒங்க அத்த படிப்பும் போச்சு, தெரியுமா?"

அத்தை என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, இதுக தத்துப்பூச்சியப் பிடிச்சுத் திங்கும்ணே. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க."

அப்பா பயிரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, ஒங்க பட்டாளம் தின்னு முடிக்கட்டும்" என்று மெஷினை இறக்கி வைத்தார்.

அத்தை கல்லூரிக்குப் போய்விட, காவலுக்கு நான். மருந்தே அடிக்கவில்லை, ஆனாலும் சிவப்பு நாளுக்கு நாள் குறைந்தது. சனிக்கிழமை ஒன்றுதான் கண்ணில் பட்டது. அதன் உடம்பிலும் பச்சை படரத் தொடங்கியிருந்தது. ஏதோ நோய் என்று நினைத்தேன். தூறல் விழாமல் அதன்மேல் கையைக் குவித்துப் பிடித்தேன். அது விரலிடுக்கு வழியே பறந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வயலைச் சுற்றி வந்து, மருந்து வேண்டாம் என்றார். பயிர் தப்பியது. எனக்கு அது ஆறுதலாகவே இல்லை.

அடுத்த மாதம் அத்தை வந்து தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிவப்பு வேறு இனமில்லையாம். பச்சையின் இளம் பெண்ணாம். பருவத்துக்கு வந்தால் அதுவும் பச்சையாகிவிடுமாம். நெல் விளையும் தேசமெல்லாம் இருக்கிறதாம், ஆபத்தில்லாத வரிசையில்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கவலைப்படுவதை மட்டும் நிறுத்தவில்லை. அந்தச் சனிக்கிழமையை இப்போது நினைத்தாலும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. சிவப்பைக் காணோமே என்று அழுதுகொண்டே, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டதாக நினைத்து, என்னைச் சுற்றிப் பறந்த பச்சைகளை எல்லாம் கையை வீசி விரட்டிக்கொண்டிருந்தேன்.