சந்தனம் மணத்த பின் அச்சு

அந்தக் காரை விற்றால்தான் எனக்கு விடுதலை. ஜவ்வாது மலையில் சந்தனக் கட்டை சீவும் காண்டிராக்ட் எடுத்திருந்த முதலாளிக்கு நான் டிரைவர். அவருடையது பெரிய அமெரிக்க வண்டி. முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். இஞ்சின் முன்னால், தள்ளுவது பின்சக்கரம். அப்போதெல்லாம் அப்படிப்பட்ட வண்டி கைமாறினால் அதை ஓட்டியவனும் கூடவே போவான். அதன் கோணங்கித்தனமெல்லாம் அவனுக்குத்தானே தெரியும்! என் லைசென்ஸை முதலாளி தன் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். வண்டி வாங்குகிறவரிடம் சாவியோடு அதையும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

என் மகள் பிறந்து ஏழு மாதம். திருப்பத்தூர்ப் பக்கம் அடிவாரத்தில், மாமியார் வீட்டில் இருந்தாள். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. லீவு கேட்டால், "வண்டி இங்க நிக்குது, நீ எங்கடா போற?" என்பார் அந்த மனுஷன். பற்றிக்கொண்டு வரும்.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த சாயபு ஒருவர் வண்டி பார்க்க வருகிறார் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் பின் அச்சுக்குள் பல்சக்கரங்கள் தேய்ந்து, மேடு ஏறும்போது ஊளையிட்டன. வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் செய்யும் திருட்டு வேலை ஒன்று உண்டு. அச்சு எண்ணெயில் மரத்தூளைக் கலந்தால் ஒரு வாரத்துக்குச் சத்தம் அடங்கும். கட்டை சீவும் பட்டறையில் காலடியில் கிடந்த தூளை இரண்டு கை அள்ளிப் போட்டேன். என்ன மரம் என்று யோசிக்கவில்லை. வருஷக்கணக்காக அதிலேயே கிடந்தவன் மூக்குக்கு எங்கே உறைக்கிறது!

சாயபு தன் மெக்கானிக்கோடு வந்தார். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. "எங்க வூட்ல ஆறு பேரு, டிரைவரோட ஏழு. ஏழு பேரையும் ஏத்து, பாக்கலாம்" என்றார். கட்டை சீவுகிற ஆட்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டேன்.

மழை பெய்து செம்மண் வழுக்கியது. மேட்டின் பாதியில், "நிறுத்து. பின்னால நவுராம எடு" என்றார். கிளட்சைப் பதமாக விட்டேன். பின்னால் ஆள் கனம் இருந்ததால் சக்கரம் வீணாகச் சுற்றாமல் மண்ணைப் பிடித்துத் தள்ளியது. ஊளை இல்லை. மறுபடி நிறுத்தச் சொன்னார், மறுபடி எடுத்தேன். நாலாவது தடவை "பலே!" என்றார். அந்த ஒரு சொல்லிலேயே என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டேன்.

மேட்டின் உச்சியில் இறங்கினோம். சாயபு வண்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

"இன்னாப்பா, உன் வண்டி சந்தனம் பூசிக்கினு வருது?"

அச்சு சூடேறி, உள்ளே தூள் வெந்து மணத்துக்கொண்டிருந்தது. "தோல் ஷாப்புக்காரனுக்கு மூக்கு செத்துப் போயிருக்கும்னு நெனச்சியா?" என்றார். கூட வந்த பாவிகள் நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள்.

"மொதலாளி போடச் சொன்னாரா?"

ஐயோ, என்ன சொல்வது? ஆமாம் என்றால் பொய். முதலாளி என் தோலை உரித்துவிடுவார். இல்லை என்றால் நானே திருடன்.

"நான்தாங்க. வண்டி போனா நானும் கீழ போவலாம்னு... கொழந்தய இன்னும் பாக்கலீங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கொடுமை. "எறக்கத்துல அச்சு ஒடைஞ்சா உள்ள குந்தினு இருக்கிறது என் புள்ளைங்கப்பா" என்றார். அதுவரை அந்தப் பிள்ளைகளை நான் நினைத்தே பார்க்கவில்லை.

இஞ்சின் நன்றாக இருக்கிறது, அச்சை மாற்றிக்கொள்ளலாம் என்றான் மெக்கானிக். சாயபு வண்டியை வாங்கிக்கொண்டார். "டிரைவர் மட்டும் வேணாங்க" என்று முதலாளியிடம் சொன்னார், காரணம் சொல்லவில்லை. அந்தப் பெரிய மனசு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தேன். "நாளைலேர்ந்து கட்டை ஏத்துற லாரிய எடு" என்றார் முதலாளி.

மெக்கானிக் ஓட்ட, கார் மெதுவாக இறங்கிப் போனது. விற்றுப்போகும் என்ற நிச்சயத்தில் முந்தின நாளே கீழே மனைவிக்குச் சொல்லியனுப்பியிருந்தேன், மடையன்: பெரிய கார் வரும், ரோட்டில் வந்து நில் என்று. மனைவி பிறகு சொன்னாள். பிள்ளைக்குப் பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு காலையிலிருந்தே நின்றிருக்கிறாள். கார் வந்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டியிருக்கிறாள். மெக்கானிக்கும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.