கறுப்புக் கண்ணாடிக்கு ஒரு டாக்டர் கடிதம்

மலையாளச் சீமையில், கரமனையில் எங்கள் தெருவில் என்னை மினுக்கி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டால் கறுத்துவிடுவேன் என்று பயந்து, அப்பாவின் காருக்குக் கறுப்புக் கண்ணாடி போடவைத்து, அதற்குள் உட்கார்ந்து வேலைக்குப் போய்வருகிற பெண். இந்தக் கதையைத் தெருவில் பரப்பியது வேறு யாருமில்லை, என் அம்மாதான். மினுக்கிக்குக் கல்யாணம் ஆகும், நோயாளிக்கு ஆகாது என்பது அவள் கணக்கு.

நோய்க்கு லூபஸ் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுவில், நான் படிப்பை முடித்து ஒரு தனியார் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில் வந்தது. காலையில் விரல்கள் மடங்காது. இரண்டு கன்னமும் யாரோ அறைந்தாற்போல் சிவந்து கிடக்கும். கல்லூரி விளையாட்டு விழாவில் ஒரு பகல் முழுக்க மைதானத்தில் நின்றேன். அதன்பிறகு வாரக்கணக்கில் படுக்கை. ரவிக்கைக் கொக்கியைக்கூட அம்மாதான் மாட்டிவிட வேண்டியிருந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறது, வெயில் அதைக் கிளப்பிவிடும். இப்போதைக்குத் தோலோடும் மூட்டோடும் நிற்கிறது, சிறுநீரகத்துக்குப் போய்விட்டால் பிறகு யார் கையிலும் இல்லை. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டால் போதாதா என்று அப்பா கேட்டதற்கு, கண்ணாடி வழியாகவும் வெயில் வேலை செய்யும் என்றார்.

அப்பா ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கர். மஞ்சள் விளக்கு எரிந்தாலே காரை நிறுத்திவிடுகிற மனிதர். அவர் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு போய், பழவங்காடிப் பக்கம் ஒரு கடையில், இருப்பதிலேயே கறுப்பான சன் ஃபிலிமைக் கேட்டு, பக்கவாட்டிலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வந்தார். அது சட்டத்துக்கு விரோதம் என்று அவருக்குத் தெரியும். ஒட்டிய மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு, விலக்கு வாங்கப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் நின்றார். அங்கே இருந்தவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தே காட்டினாராம். எந்தக் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்று அதில் இருந்தது. நோயாளி என்கிற சொல் எங்கேயும் இல்லை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்துகிற போலீஸ்காரர் நல்லவராக இருந்தால் விட்டுவிடுவார் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குக் கிடைத்த மருத்துவ விலக்கு இவ்வளவுதான். அதே ஊரில் பெரிய மனிதர்களின் கார்கள் கறுப்புக் கண்ணாடிக்குமேல் திரைச்சீலையும் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அவர்களுக்கு என்ன வியாதி என்று எந்தப் போலீஸ்காரரும் கேட்டதில்லை.

டாக்டர் கடிதம் கொடுத்தார். நோயின் பெயர், வெயில் பட்டால் என்ன ஆகும், ஏன் ஃபிலிம் வேண்டும், எல்லாம் விவரமாக எழுதியிருந்தார். அசலை வீட்டில் வைத்துக்கொண்டு நகலைக் காரில் வைக்கலாம் என்று அப்பா ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பினார். அம்மா வாசலில் வழிமறித்தாள்.

"தெருக்கோடி ஜெராக்ஸ் கடைக்காரன் எழுத்துக்கூட்டிப் படிக்காம ஒரு காயிதத்தையும் மெஷின்ல வைக்க மாட்டான். சாயங்காலத்துக்குள்ள தெரு பூரா தெரிஞ்சுடும். அப்பறம் இவளை யார் பண்ணிப்பா?"

"வேற கடையில எடுத்துண்டு வரேன்."

"போலீஸ்காரன் நடுரோட்டுல வாய்விட்டுப் படிப்பானே, அதுக்கு என்ன பண்ணுவேள்? வியாதிப் பேர் இல்லாம எழுதி வாங்கிண்டு வாங்கோ."

அம்மா அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டாள். அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனார். நோயின் பெயர் இல்லாத கடிதத்தை எவன் மதிப்பான் என்று டாக்டர் கோபப்பட்டார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று அப்பா குனிந்த தலையோடு சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், வெயிலால் வரும் சரும அலர்ஜி என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அலர்ஜிக் கடிதம் சில வருஷம் ஒப்பேறியது. நிறுத்தியவர்கள் படித்துவிட்டு, பின் சீட்டில் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் துணிச்சல்கூட வந்துவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்குக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை, அங்கேயே வாடகை ஃபிளாட். பெண் பார்க்க வந்த அன்று என்னோடு பத்து நிமிஷம் பேசினார், பிறகு போனிலும் பேசினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவிடம் மல்லுக்கட்டினேன். "தாலி ஏறட்டும், நானே பக்குவமாச் சொல்றேன்," என்றாள். அப்பாவிடம் போனால், பார்க்கலாம் என்றார். அப்பா பார்க்கலாம் என்றால் அம்மா சொன்னதுதான் என்று அர்த்தம்.

நிச்சயம் செய்வதற்கு முன் பையனின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, அப்படியே பெண்ணையும் பெண்ணின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையின் ஃபிளாட்டைக் காட்ட வேண்டும், சமையலறையில் என்னென்ன வேண்டும் என்று பெண் பார்த்துச் சொல்லட்டும் என்று ஆசைப்பட்டார். நல்ல மாமி. தேங்காய் உடைத்து, சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கி, கிளம்பும்போது உச்சிப்பொழுதாகிவிட்டது. முன்சீட்டில் மாமி பிள்ளைக்கு வாங்கிய இட்லிக் குக்கரும் அரிசிப் பையும். பின்னால் ஒரு ஜன்னலோரம் மாமி, மறு ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான். கறுப்புக் கண்ணாடியைத் தட்டிப் பார்த்த மாமி, "நெறத்தை நன்னாத்தான் காப்பாத்தறேள்," என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

பைபாஸில் நிறுத்தினார்கள். ஓர் எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள். ஏற்கெனவே பிடித்த சில கார்கள் ஓரமாக நின்றன, போலீஸ்காரர்கள் பிளேடால் ஃபிலிமைக் கீறி உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடிதத்தை எடுத்து நீட்டினார். எஸ்.ஐ. படித்துவிட்டுச் சிரித்தார்.

"அலர்ஜியோ? அலர்ஜி எனிக்கும் உண்டு சாரே. ஃபிலிம் இளக்கிக்கோ," என்று உரிக்க ஆளைக் கூப்பிட்டார்.

மாமி பக்கத்துக் கண்ணாடியில் பிளேடு பட்டது. படுக்கையில் கிடந்த அந்த நாட்களும் டாக்டர் சிறுநீரகம் என்று சொன்னதும்தான் எனக்கு நினைவில் இருந்தன. கல்யாணமாவது மண்ணாவது என்று தோன்றிவிட்டது. மாமியின் மடிக்குக் குறுக்கே எம்பி, கண்ணாடியை இறக்கி, எனக்கு அலர்ஜி இல்லை, லூபஸ், வெயில் பட்டால் கிட்னி போய்விடும், உரிக்காதீர்கள் என்று மலையாளத்தில் கத்தினேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

எஸ்.ஐ. கையை உயர்த்தி ஆளை நிறுத்தினார். கடிதத்தை இன்னொரு முறை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னைவிட்டுவிட்டு, மகள் சொல்வது சரியா என்று அப்பாவிடம் கேட்டார்.

"மோள் பறயுந்நது சரியாணோ? அச்சன் பற."

அப்பா திரும்பவில்லை. முன்கண்ணாடிக்குமேல் இருந்த சின்னக் கண்ணாடியில் அவர் கண்கள் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை, மாமியைப் பார்த்தன. அம்மா என் தொடையை அழுத்தி ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அல்ல சார்," என்றார் அப்பா. "அலர்ஜி தன்னெ. மோளு பேடிச்சு பறயுந்நதா."

அலர்ஜியேதானாம், நான் பயத்தில் உளறுகிறேனாம். எஸ்.ஐ.யின் முகம் மாறிவிட்டது. இந்த வயதில் போலீஸை ஏமாற்றப் பொய் சொல்கிறாயே என்று என்னைத் திட்டினார். எல்லாக் கண்ணாடியிலும் ஃபிலிமை உரித்தார்கள். அப்பா அபராதம் கட்டினார். கார் கிளம்பியபோது உள்ளே அவ்வளவு வெளிச்சம் இருந்ததில் எல்லோருக்கும் கண் கூசியது. நான் புடவைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்தேன்.

"பயமா இருந்தாலும் அவ்வளவு பெரிய வியாதிப் பேரையெல்லாம் சொல்லப்படாது கொழந்தே," என்றார் மாமி. "நல்ல நாளும் அதுவுமா."

ஃபிளாட்டில் மாமி காட்டிய சமையலறையில் எதையும் நான் பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்து கிளம்பலாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். நிச்சயத்துக்கு முன் பையன் இருக்கிற வீட்டில் பொழுது சாயும்வரை பெண் உட்கார்ந்திருப்பது முறையில்லை என்றாள். அந்த முறையெல்லாம் அன்றைக்கு அவளுக்கு நினைவிருந்தது. மாமி அங்கேயே தங்கிவிட, நாங்கள் மூவரும் திரும்பினோம். வழியில் ஒரு கட்சியின் ஜாதா ஊர்வலம். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் அடைத்துக்கொண்டு, கார் அசையவில்லை. மேற்கு வெயில் நேராகப் பக்கத்துக் கண்ணாடி வழியாக அடித்தது. அம்மா தன் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பட்டுப் புடவைதான், ஆனாலும் வெயில் உள்ளே வந்தது. அழுதுகொண்டேயிருந்தாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே ஓங்கி ஒன்று போட வேண்டும் போலிருந்தது.

அந்த வாரமே காய்ச்சல். பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். அந்த ஒரு நாள் வெயில்தான் காரணம் என்று சொல்ல முடியாது, எப்படியும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார். அப்பா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். நான் பிடித்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தரகர் மூலம் நாகர்கோவிலிலிருந்து பதில் வந்தது. வேண்டாமாம். வியாதி இருப்பது தெரிந்துபோய் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் அப்பாவைத்தான் நம்பினார்கள். "பொண்ணுக்கு மனசுல வேற யாரோ இருக்கா. அதான் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க, பெத்த அப்பாவை வச்சுண்டே இல்லாத வியாதியைச் சொல்றா," என்று மாமி சொன்னாராம். தரகர் போனபிறகு நான் சிரித்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடிவந்தாள்.

வேலை போயிற்று. மாத்திரையில் முகம் ஊதி, தெருவில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாமல் போயிற்று. கதையைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் தீர்ந்ததால், அம்மா எல்லோரிடமும் நோயின் பெயரைச் சரளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். சில வருஷங்களில் டயாலிசிஸுக்கு வந்துவிட்டேன். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு, எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் தருகிறேன் என்று அப்பா சொன்னார்.

பரிசோதனைக்கு முன் டாக்டர் அவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். நெஞ்சுவலி உண்டா, இல்லை. அறுவைசிகிச்சை ஏதாவது, இல்லை. சர்க்கரை?

"இல்லை," என்றார் அப்பா.

வருஷக்கணக்காக அப்பா சர்க்கரை போடாத காப்பி குடிக்கிறவர். மாத்திரை டப்பா எங்கள் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பிழைக்க எனக்கும் ஆசை இருந்தது.

யார் கெஞ்சினாலும் ரத்தப் பரிசோதனை பொய் சொல்லாது. முடிவு வந்ததும் டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு, இவ்வளவு சர்க்கரை உள்ளவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது, ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம்போட்டார்.

"பின்னெ எங்ஙனெ சாரே கொடுக்குந்நது?" என்று கேட்டார் அப்பா. வேறு எப்படித்தான் கொடுப்பது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

வெளியே வந்ததும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பைபாஸில் அவர் சொன்னதை நான் மன்னிக்கவில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை ஈரமாக இருந்தது. அப்பா மெதுவாகச் சொன்னார்.

"ஆத்துல போய் இதைச் சொல்லாதே. எல்லாம் சரியா இருக்குன்னு அம்மாகிட்டே சொல்லிடு."

சரிப்பா என்றேன்.