இன்னா லீலா

இந்த வாரம் மாடிப்படி என்னுடையது. ஸ்டுட்கார்ட்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் 'கேர்வோக்க' என்று எழுதிய மரப்பலகை ஒன்று உண்டு. அது எவர் கதவில் தொங்குகிறதோ, அவர் அந்த வாரம் படிகளைப் பெருக்கித் துடைக்கவேண்டும். முடித்தபின் எதிர்வீட்டுக் கதவில் மாட்டிவிடவேண்டும். எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில் வாசல் பெருக்காவிட்டால் கேட்கத் தெருவே இருக்கிறது. இங்கே பேச வேண்டியதையெல்லாம் பலகையே பேசிவிடுகிறது.

எதிர்வீட்டு ரஷீத் லாகூர்க்காரர். பலகையை மாட்டும்போது மணியடித்து, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். எங்கள் இருவருக்கும் பொதுமொழி அரைகுறை ஜெர்மன்தான். ஒருநாள் என் குழம்பை நீட்டி, வாய் தவறி "காரம் ஜாஸ்தி" என்றேன். "ஸியாதா?" என்று துள்ளினார். அவர் உருதுவில் ஜாஸ்திக்கு அதுதான் வார்த்தையாம். நான் கம்மி என்றால் அவர் கம் என்றார். ஜாஸ்தியும் கம்மியும் சுத்தத் தமிழ் என்று அதுவரை நம்பியிருந்தவன் நான். அவர் என்னை "பாய்" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் ஜவுளிக்கடைக்காரரை நான் பாய் என்பேன். எனக்கும் ஒருநாள் அந்தப் பட்டம் கிடைக்கும் என்று யார் கண்டது!

பிறகு எல்லையில் பதற்றம் என்றார்கள். டிவியில் போர் விமானங்கள் பறந்தன. தங்கை லீலா போனில், "அந்த ஆளுகிட்ட ஜாஸ்தி வெச்சிக்காதண்ணா" என்றாள். அதே வாரம் ரஷீத்தின் கதவில் புதிதாக ஒரு சங்கிலி. ஓகோ, அப்படியா சேதி என்று நானும் கடைக்குப் போய் அதைவிடத் தடிமனாக ஒன்று வாங்கி மாட்டினேன். மறுவாரம் மணியடிக்காமல் பலகை வந்தது. நானும் மணியடிக்காமல் திருப்பி மாட்டினேன். அவர் செருப்பு அலமாரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் குடையை உள்ளே எடுத்துக்கொண்டேன். வெளியுறவுத் துறைகள் இரண்டும் சுறுசுறுப்பாக இயங்கின. உள்ளுக்குள் எனக்கு அழுகையாக வந்தது. இந்த ஊரில் என் கதவைத் தட்ட இருந்த ஒரே ஆள் அவர்தான்.

லீலா கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியை. அங்கே ஒரு வளைவில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும், அதனால் எங்கள் பாசமெல்லாம் கத்தல்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான்.

"இன்னா லீலா?"

"கரடிண்ணா! உனுக்குன்னு வெச்சிருந்த பலாப்பழத்த ஒண்ணு வுடாம துன்னுட்டுப் போயிடுச்சு!"

லைன் அறுந்தது. "இன்னா லீலா! இன்னா லீலா!" என்று ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தலையில் தொப்பியும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக ரஷீத் நின்றார். "பைலைட்" என்றார். செய்தி பார்த்துக் கெட்ட என் காதில் அது பைலட் என்று விழுந்தது. யாரையோ சுட்டு வீழ்த்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பைலைட் என்பது ஜெர்மனில் இரங்கல் சொல்லும் வார்த்தை என்று எனக்கு அப்போது தெரியாது.

"யார், பாய்?" என்று என் கையைப் பிடித்தார்.

யாரோடு பேசினேன் என்று கேட்கிறாராக்கும். "லீலா. என் தங்கை" என்றேன். ஜெர்மனில் கரடிக்கு 'பேர்'. அதை வைத்துக்கொண்டு, "பேர்... எல்லாவற்றையும் தின்றுவிட்டது" என்று விளக்கினேன்.

ரஷீத்தின் முகம் வெளுத்துப்போனது. அவர் கண்ணில் நீர் திரளும் நேரத்தில் போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"லைன் கட்டாயிடுச்சுண்ணா! இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"யார் இது?" என்றார் ரஷீத்.

"லீலா."

கரடி தின்ற பெண் பேசுவதைக் கேட்டு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மெல்ல மெல்ல விளங்கியது. சாவுச் செய்தி கேட்டால் முஸ்லிம்கள் சொல்லும் வாக்கியம் 'இன்னா லில்லாஹி' என்று தொடங்குமாம். என் "இன்னா லீலா" அவர் ஜன்னலில் அப்படித்தான் போய் விழுந்திருக்கிறது. சாவு வீட்டில் அடுப்பெரியாது என்று சோறும் எடுத்து வந்திருக்கிறார். இருவரும் சிரித்துச் சிரித்து அந்தப் பாத்திரத்தைக் காலி செய்தோம்.

சாப்பிடும்போது சங்கிலியைப் பற்றிக் கேட்டேன். அவர் மகள் நடக்கப் பழகிவிட்டாளாம். கதவைத் திறந்து படியை நோக்கி ஓடுகிறாளாம்.

"உங்கள் சங்கிலி எதற்கு, பாய்?"

எனக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் சங்கிலி வெறும் சங்கிலிதான். அது எனக்கு எதிராக மாட்டியது என்று முடிவுகட்டியவன் நான். எல்லையில் நிற்கும் பீரங்கிகளையும் இரு பக்கமும் இப்படித்தான் படிக்கிறார்களோ என்னவோ. அன்று சாயங்காலமே என்னுடையதைக் கழற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து லீலா அழைத்தால் "சொல்லு லீலா" என்கிறேன். பாவம், அந்த மனுஷன் மறுபடி சோறாக்கிவிடக் கூடாது. "இன்னாண்ணா, பெரிய மன்சன் மாதிரி பேசற?" என்று அவள் கோபித்துக்கொள்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து லீவில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். "இன்னா சார், எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர். "இன்னாய்யா, நவுரு" என்றது ஒரு குரல். நாலா பக்கமும் இன்னா, இன்னா, இன்னா. காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றவன், சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பாத்திரத்தோடு யாரும் வரவில்லை.